மீட்டர் யாருடையது என்று முதலில் பாருங்கள்

கேள்வி: தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து டர்பன் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. சாட்ஸ்வொர்த்தில், குரோஃப்ட்டீன் பகுதியில், ஒரு வீட்டின் பின்னால் கட்டியிருக்கும் அவுட்பில்டிங்கில் வாடகைக்கு இருக்கிறோம். நாங்கள் இருவர், பிள்ளைகள் இரண்டு பேர். கரண்டுக்கு எங்களுக்கென்று பிரீபெய்ட் மீட்டர் இருக்கிறது. மாதம் 1,600 ராண்ட் வரை போட வேண்டியிருக்கிறது. ஒரு ரசீதின் படம் அனுப்பியிருக்கிறேன். தண்ணீர் பில்லில் பாதியை முன்வீட்டு ஆன்ட்டியிடம் கொடுப்போம். அவர்கள் ஐந்து பேர். இதுவரை எங்கள் பாதி 450 ராண்ட்தான் வந்தது, இந்த மாதம் திடீரென்று 2,100 கேட்கிறார்கள். பில்லைக் காட்டவில்லை. கொடுக்காவிட்டால் கரண்டை நிறுத்திவிடுவேன் என்கிறார் ஆன்ட்டியின் மகன். என் அண்ணன் மெல்போர்னில் வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி மாற்றி மிச்சம் பிடிக்கிறார். இங்கே எந்தக் கம்பெனி மலிவு? கேஸ் அடுப்புக்கு மாறினால் லாபமா? 24 மாத ஒப்பந்தத்தில் ஃபைபர் இன்டர்நெட் தருவதாக வாசலுக்கு ஆள் வருகிறார்கள், போடலாமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கம்பெனி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். மெல்போர்னில் செய்வதை இங்கே செய்ய முடியாது. தென்னாப்பிரிக்காவில் வீட்டுக்குக் கரண்ட் யார் கொடுப்பது என்பதை உங்கள் முகவரி முடிவு செய்கிறது. டர்பனில் அது எத்தெக்வினி மாநகராட்சி; நாட்டின் அரசு மின் நிறுவனமான எஸ்காமிடம் மொத்தமாக வாங்கி நமக்கு விற்கிறது. நகர எல்லையின் ஓரங்களில் சில இடங்களுக்கு மட்டும் எஸ்காமே நேரடியாகக் கொடுக்கிறது. உம்ங்கேனி-உதுகேலா வாட்டர் சுத்திகரித்துத் தரும் தண்ணீரை வீடுகளுக்கு அனுப்புவதும் மாநகராட்சிதான். குப்பை எடுக்கும் டர்பன் சாலிட் வேஸ்ட்டும் அதன் பிரிவே. இந்த மூன்றிலும் வேறு கடை கிடையாது. நீங்கள் விலை பேசித் தேர்ந்தெடுக்கக்கூடியவை கேஸும் இன்டர்நெட்டும்தான். அவற்றைக் கடைசியில் பார்ப்போம்.

உங்கள் பணம் கசிவது வேறு இடத்தில். நீங்கள் செலவழிக்கும் கரண்டும் தண்ணீரும் யாருடைய மீட்டர் வழியாக வருகின்றன, அந்த மீட்டரை யார் படிக்கிறார்கள் என்று இதுவரை நீங்கள் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

ரசீதை எடுங்கள். 300 ராண்டுக்கு 78 யூனிட் வந்திருக்கிறது. வகுத்தால் ஒரு யூனிட் 3 ராண்ட் 85 சென்ட். அந்த ரசீதின் தலைப்பில் மாநகராட்சியின் பெயர் இல்லை, டோக்கன், அதாவது மீட்டரில் அடிக்கும் 20 இலக்க எண், விற்கும் ஒரு தனியார் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. அப்படியானால் அது மாநகராட்சி மீட்டர் இல்லை. முன்வீட்டு மீட்டரைத் தாண்டி வரும் வயரில் வீட்டுக்காரர் மாட்டிய சப்மீட்டர். மாநகராட்சிக்கு உங்களைத் தெரியாது. அதன் வாடிக்கையாளர் ஆன்ட்டி, ஆன்ட்டியின் வாடிக்கையாளர் நீங்கள். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் என்று அவுட்பில்டிங் வாடகைக்கு விடும் எல்லா இடங்களிலும் இந்த ஏற்பாடு சகஜம். சட்டவிரோதமும் இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது: நேராக மாநகராட்சியிடம் வாங்கியிருந்தால் என்ன விலை கொடுத்திருப்பீர்களோ, அதற்கு மேல் மறுவிற்பனை செய்பவர் வாங்கக்கூடாது.

எனவே முன்வீட்டின் டோக்கன் ரசீதையோ மாநகராட்சி பில்லையோ ஒருமுறை பார்த்தாக வேண்டும். இரண்டிலும் 15 சதவீத வாட் வரி சேர்ந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு ஒரு யூனிட்டின் விலையை ஒப்பிடுங்கள். கணக்கு விளங்குவதற்காக அங்கே யூனிட் 3 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 78 யூனிட்டின் மதிப்பு 234 ராண்ட். மீதி 66 ராண்ட், அதாவது நூற்றுக்கு 22, வேறு எங்கோ போகிறது. அதில் ஒரு பகுதி டோக்கன் கம்பெனியின் சர்வீஸ் கட்டணம். அது ரசீதில் தனி வரியாக இருக்கும். அதைக் கழித்த பிறகும் யூனிட் விலை கூடுதலாக இருந்தால், சப்மீட்டரில் விலையைக் கூட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த விலையை டோக்கன் கம்பெனி வைப்பதில்லை, வீட்டுக்காரர் சொன்னதைத்தான் பதிவு செய்கிறது. திருத்தச் சொல்ல வேண்டியதும் அவரிடம்தான். பல நேரம் வேண்டுமென்று செய்வதில்லை. ஜூலையில் விலை ஏறியபோது ஒரு சுற்று எண்ணாக வைத்திருப்பார்கள், அதோடு மறந்திருப்பார்கள்.

மாநகராட்சி டோக்கன் வாங்குபவர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. பணம் போட்ட அளவுக்கு யூனிட் வரவில்லை என்றால், ரசீதில் பழைய பாக்கிப் பிடித்தம் என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக் கணக்கில் தண்ணீர், வரி என்று பாக்கி நின்றால், நீங்கள் வாங்கும் டோக்கனில் ஒரு பங்கை மாநகராட்சி அதற்கு எடுத்துக்கொள்ளும். தனி வீட்டை முழுதாக வாடகைக்கு எடுத்திருப்பவர்கள் இப்படித்தான் வீட்டுக்காரரின் கடனை அவர்களுக்கே தெரியாமல் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்து, மீட்டர் சரியாக ஓடுகிறதா, அதில் உங்கள் செலவு மட்டும்தான் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு எலக்ட்ரீஷியன் தேவையில்லை. உங்கள் டிபி போர்டில் (மெயின் ஸ்விட்ச் பெட்டியில்) கீசர், ஸ்டவ், பிளக், லைட் எல்லா ஸ்விட்சையும் அணையுங்கள். மீட்டரில் சிமிட்டும் சின்ன சிவப்பு விளக்கு நின்றுவிட வேண்டும். நிற்காமல் சிமிட்டினால் உங்கள் மீட்டரிலிருந்து வேறு யாருக்கோ கரண்ட் போகிறது. கேட் மோட்டார், வெளிச்சுவர் விளக்கு, முன்வீட்டு வாஷிங் மெஷின் என்று எதுவாகவும் இருக்கலாம். விளக்கு நின்றுவிட்டால் கீசரை மட்டும் போடுங்கள். மீட்டரின் முகப்பில் யூனிட்டுக்கு இத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 1,000. கீசர் 3 கிலோவாட் என்றால் நிமிடத்துக்கு 50 முறை சிமிட்ட வேண்டும், 2 கிலோவாட் என்றால் 33. கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணுங்கள். ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம். 50 வர வேண்டிய இடத்தில் 65 வந்தால் அந்த மீட்டரை மாற்றச் சொல்லலாம். தண்ணீர் ஏற்கனவே சூடாக இருந்தால் தெர்மோஸ்டாட் கரண்டைத் துண்டித்திருக்கும், கீசரைப் போட்டாலும் ஒன்றும் சிமிட்டாது. எனவே எல்லாரும் குளித்து முடித்த உடனே சோதியுங்கள்.

டோக்கன் பற்றி இன்னொன்று. பழைய மீட்டருள்ள வீட்டுக்கு எப்போதாவது குடிபோனால், 20 இலக்க எண்ணைச் சரியாக அடித்தும் மீட்டர் ஏற்காமல் போகலாம். 2024 நவம்பர் 24-ம் தேதியோடு இந்த வகை மீட்டர்களின் உள் நாட்கணக்கு முடிந்துவிட்டது. அதற்கு முன் புதுப்பிக்காத மீட்டர் புது டோக்கனை வாங்காது. டோக்கன் விற்பவரிடம் கேட்டால் 20 இலக்கத்தில் இரண்டு சாவி எண்கள் தருவார்கள். அவற்றை வரிசை மாறாமல் அடித்த பிறகு டோக்கனை அடிக்க வேண்டும். மீட்டரில் ஏற்கனவே இருக்கும் யூனிட் போகாது. ஆனால் முன்பே வாங்கி அடிக்காமல் வைத்திருந்த பழைய டோக்கன் சாவி மாறிய பின் செல்லாது; அதை முதலில் அடித்துவிடுங்கள்.

விலை எப்போது ஏறும் என்பதும் உதவும். மாநகராட்சிகளின் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது, புது விலையும் அன்றுதான். எஸ்காமின் நேரடி வாடிக்கையாளர்களுக்கு ஏப்ரல் 1. 2025-ல் அவர்களுக்கு 12.74 சதவீதம் ஏறியது, மாநகராட்சிகள் எஸ்காமிடம் வாங்கும் விலை ஜூலையில் 11.32 சதவீதம் ஏறியது. டர்பனில் வீட்டு மின்சாரத்துக்கு நெடுங்காலமாக ஸ்லாப் கிடையாது, ஒரே விலைதான். அதனால் கையில் பணம் இருந்தால் ஜூன் கடைசியில் இரண்டு மாத யூனிட்டை வாங்கிப் போட்டுவிடலாம். சப்மீட்டரானாலும் பலன் உண்டு. ஜோஹன்னஸ்பர்க்கில், லெனேஷியாவில் சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்களுக்கு இந்த யோசனையைச் சொல்லாதீர்கள். அங்கே மாதத்துக்குள் அதிகம் வாங்கினால் மேல் ஸ்லாப் விலை வந்துவிடும். போதாக்குறைக்கு 2024 ஜூலையில் அந்த நகரின் மின் நிறுவனமான சிட்டி பவர் பிரீபெய்ட் வீடுகளுக்கும் மாத நிலைக்கட்டணம் கொண்டுவந்தது, அப்போது 200 ராண்ட், வாட் வரியோடு 230.

இனி, 1,600 ராண்ட் எதில் போகிறது? 3.85 விலையில் அது மாதம் ஏறக்குறைய 415 யூனிட். கிரைண்டரைக் குறை சொல்லாதீர்கள். 150 வாட் கிரைண்டர் அரை மணி நேரம் ஓடினால் 0.075 யூனிட், இட்லிமாவுக்கு 30 சென்ட்கூட ஆகாது. ஃபிரிட்ஜ் நாளுக்கு ஒரு யூனிட், ஒன்றரை யூனிட். பெரிய பங்கு கீசருக்குப் போகிறது, கீசரிலும் ஷவருக்கு.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 0.00116 யூனிட் வேண்டும். குழாயில் 20 டிகிரியில் வரும் தண்ணீரில் 40 டிகிரி சூட்டில் குளிக்கிறோம் என்று வைப்போம். பழைய ஷவரில் நிமிடத்துக்கு 12 லிட்டர் கொட்டும். பத்து நிமிடம் நின்றால் 120 லிட்டர், 2.8 யூனிட். நான்கு பேருக்கு நாளொன்றுக்கு 11 யூனிட்டுக்கு மேல், மாதத்துக்கு 335. உங்கள் கணக்கு ஏறக்குறைய இங்கேயே முடிந்துவிடுகிறது. நிமிடத்துக்கு 8 லிட்டர் விடும் ஷவர்முனையை மாட்டி ஐந்து நிமிடத்தில் குளித்து முடித்தால் நால்வருக்கும் சேர்த்து 3.7 யூனிட். ஊரில் குளித்த மாதிரி 20 லிட்டர் வாளியில் வெந்நீர் விளாவிக் குளித்தால் 1.9 யூனிட்தான். ஷவரைக் குறைத்தால் தண்ணீர் பில்லும் இறங்கும்: நாளுக்கு 480 லிட்டர் 160 ஆகும், மாதத்துக்கு 14.4 கிலோலிட்டர் 4.8 ஆகும்.

உங்கள் ஷவர்முனை எவ்வளவு விடுகிறது என்று பார்க்க வாளியும் கடிகாரமும் போதும். 20 லிட்டர் வாளி ஒரு நிமிடம் நாற்பது விநாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 12 லிட்டர். இரண்டரை நிமிடம் எடுத்தால் 8.

கீசருக்கு டைமர் வைத்தால் பாதி மிச்சம் என்று விற்பனைக்காரர்கள் சொல்வார்கள். அவ்வளவெல்லாம் இல்லை. 150 லிட்டர் பழைய கீசர் சும்மா இருக்கும்போது இழக்கும் சூடு நாளுக்குச் சுமார் இரண்டரை யூனிட். டைமர் அதில் ஒரு பங்கைத்தான் குறைக்கும். கீசருக்கு மேல் சுற்றும் கம்பளியும், வெந்நீர்க் குழாயின் முதல் ஒன்றிரண்டு மீட்டருக்கு நுரைச் சட்டையும் செலவு குறைந்த வழி. தெர்மோஸ்டாட் 70-ல் இருந்தால் எலக்ட்ரீஷியனை வைத்து 60-க்கு இறக்குங்கள். அதற்குக் கீழே போக வேண்டாம். வெதுவெதுப்பான தொட்டியில் லெஜியோனெல்லா கிருமி வளரும்.

தண்ணீர் பில்லுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் உண்மையான சிக்கல் இதுதான். 450 ஒரே மாதத்தில் 2,100 ஆவதற்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்று காரணம்: பல மாதம் மீட்டரைப் பார்க்காமல் உத்தேசமாக பில் போட்டு இப்போது ஒட்டுமொத்தமாகச் சரிக்கட்டியிருக்கிறார்கள், அல்லது எங்கோ கசிகிறது. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

உத்தேச பில்லை பில்லிலேயே கண்டுபிடிக்கலாம். ரீடிங் எண்ணுக்குப் பக்கத்தில் அது மீட்டரில் பார்த்ததா, எஸ்டிமேட்டா என்று குறித்திருக்கும். உதாரணத்துக்கு, ஐந்து மாதம் 24 கிலோலிட்டர் என்று உத்தேசமாகப் போட்டார்கள், உண்மையில் ஓடியது 36 என்று வைப்போம். ஆறாவது மாதம் மீட்டரைப் பார்த்தவுடன் அந்த மாதத்து 36-ஓடு விடுபட்ட 60-ம் சேர்ந்து 96 கிலோலிட்டர் ஆகும். ஊரில் மின்சார வாரிய பில் 500 யூனிட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே தண்ணீருக்கு அதே கதை, ஸ்லாப் ஏற ஏற கிலோலிட்டரின் விலையும் ஏறும். 96 கிலோலிட்டரையும் ஒரே மாதத்தில் செலவழித்த மாதிரி கணக்கிட்டால் பெரும்பகுதி உச்ச ஸ்லாப்பில் விழும். 180 நாளுக்குப் பரப்பி, மாதம் 36 என்று கணக்கிட்டு, ஏற்கனவே கட்டியதைக் கழிப்பதே சரி. பில்லில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். 30 என்று இருந்தால் அது எதிர்த்துக் கேட்க வேண்டிய பில். கழிவுநீர்க் கட்டணமும் தண்ணீரின் அளவோடு ஏறும் என்பதால், தப்பு ஒன்றானாலும் பணம் இரண்டு வரியில் போகும்.

எதிர்த்துக் கேட்க வேண்டியவர் கணக்கு வைத்திருக்கும் ஆன்ட்டி, உங்களால் நேராக முடியாது. எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்: கணக்கு எண், எந்த வரியில் எவ்வளவு ராண்டை ஏற்கவில்லை, ஏன், மீட்டரின் இன்றைய படம். “பில் அதிகம்” என்று மட்டும் எழுதினால் அது புகார்க் கணக்கில் சேராது. நகராட்சி அமைப்புகள் சட்டம், 2000-ம் ஆண்டின் 32-ம் எண் சட்டத்தின் 102-ம் பிரிவு, குறிப்பிட்ட தொகை தகராறில் இருக்கும்போது அந்தத் தொகைக்குத்தான் பாதுகாப்புத் தருகிறது. மற்றதைத் தேதிக்குள் கட்டிவிட வேண்டும், புகார் எண்ணை வாங்கி வைக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு மேல் பழைய தண்ணீர்ப் பாக்கியைத் திடீரென்று சேர்த்திருந்தால், அது காலாவதியான கடன் என்று எழுதலாம். சொத்து வரிக்கு இந்தச் சலுகை கிடையாது, அதற்கு 30 வருடம்.

கசிவைக் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி போதும். முன்வீட்டாரிடமும் சொல்லிவிட்டு, எல்லாக் குழாயும் மூடியிருக்கும் நேரத்தில் வாசல் மீட்டரின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கருப்பு எண்கள் முழுக் கிலோலிட்டர், சிவப்பு எண்கள் அதற்குக் கீழே உள்ள லிட்டர். நடுவில் நட்சத்திரம் போல ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். எல்லாம் மூடியும் அது சுற்றினால் கசிவு. சுற்றுவது தெரியாவிட்டால் சிவப்பு எண்களைப் படம் எடுத்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்பது பார்வைக்கு மெல்லிய நூல் மாதிரிதான் இருக்கும், மாதத்துக்கு 43 கிலோலிட்டர் ஆகிவிடும். பிறகு பின்கட்டுக்கு வரும் குழாயின் வால்வை மூடிப் பாருங்கள். சக்கரம் நின்றால் கசிவு உங்கள் பக்கம், சுற்றினால் முன்வீட்டுப் பக்கமோ மண்ணுக்கடியிலோ.

உங்கள் பக்கமானால் முதலில் டாய்லெட்டைச் சந்தேகப்படுங்கள். ஃபிளஷ் தொட்டியில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் போட்டு அரை மணி நேரம் யாரும் தண்ணீர் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே பீங்கானில் நிறம் இறங்கினால் அடி வாஷர் தேய்ந்திருக்கிறது. தொட்டிக்குள் மிதவை சரியில்லாமல் மேல் குழாய் வழியாக ஓயாமல் வழிவதும் உண்டு, அது மூடியைத் திறந்தாலே தெரியும். அடுத்தது கீசரின் வெளிச்சுவர்க் குழாய். 150 லிட்டர் சூடேறும்போது தண்ணீர் விரிந்து ஒன்றிரண்டு லிட்டர் சொட்டுவது இயல்பு. சூடேறி நின்ற பிறகும் சொட்டினால் வால்வு கெட்டிருக்கிறது. கொதிக்கக் கொதிக்க வந்தால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கீசரை உடனே அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

பங்கு விஷயத்தில் பாதிக்குப் பாதி நியாயமில்லை. ஒன்பது பேரில் நீங்கள் நான்கு பேர். 4,200-ஐ ஒன்பதாகப் பிரித்தால் உங்கள் பங்கு 1,867. அதற்கும் முன்பே பில்லிலிருந்து சொத்து வரி, பழைய பாக்கி, வட்டி எல்லாவற்றையும் கழித்துத் தண்ணீரையும் கழிவுநீரையும் மட்டும் எடுக்க வேண்டும். குப்பைக் கட்டணத்தில் பங்கு உண்டா என்பது வாடகைப் பேச்சில் சொன்னதைப் பொறுத்தது. சரிக்கட்டிய மாதங்களில் நீங்கள் குடிவருவதற்கு முந்தியவை இருந்தால் அவையும் உங்களுடையவை அல்ல. நிலையான வழி வேண்டுமென்றால், பிளம்பரை வைத்து உங்கள் குழாயில் 15 மில்லிமீட்டர் தண்ணீர் மீட்டர் ஒன்றை மாட்டுங்கள். மாநகராட்சி மீட்டரைப் பார்க்கும் அன்றே இதையும் பாருங்கள். உங்கள் கிலோலிட்டரை மொத்தக் கிலோலிட்டரால் வகுத்து, வரும் பின்னத்தைத் தண்ணீர்-கழிவுநீர்த் தொகையால் பெருக்கினால் உங்கள் பங்கு வந்துவிடும். இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் இருப்பதால் மேல் ஸ்லாப் விலை எப்படியும் கொஞ்சம் ஒட்டும், அதை இருவரும் பகிரத்தான் வேண்டும்.

கரண்டை நிறுத்துவேன் என்ற மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். நீதிமன்ற உத்தரவில்லாமல் வாடகைதாரரின் கரண்டையோ தண்ணீரையோ வீட்டுக்காரர் துண்டிக்கக்கூடாது. அப்படிச் செய்தால் வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. புகார் பதிவானதிலிருந்து தீர்ப்பு வரும்வரை, அல்லது மூன்று மாதம், எது முந்தியோ அதுவரை உங்களை வெளியேற்ற முடியாது. ஆனால் அந்த நாட்களில் வாடகையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும். கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் எழுத்தில் ரசீது கேட்பது சட்டம் தரும் உரிமை, இன்றிலிருந்தே கேளுங்கள். ஆன்ட்டி பில்லைக் கட்டாமல் மாநகராட்சியே துண்டிக்க வந்தாலும் வாடகைதாரருக்கு முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று 2009-ல் ஜோசப் வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. என்றாலும் தீர்ப்பாயத்துக்கு முன்னால் ஆன்ட்டியோடு உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு பில்லை இருவருமாகப் படியுங்கள். பில்லைக் காட்டாததற்குப் பல வீடுகளில் காரணம், அதில் நிற்கும் பழைய பாக்கியை வாடகைக்காரர் பார்த்துவிடுவாரே என்ற கூச்சம்தான்.

கேஸ் பற்றி: 9 கிலோ சிலிண்டரில் ஏறக்குறைய 115 யூனிட் அளவு வெப்பம் இருக்கிறது. அடுப்பில் பாதி வீணாகும், பாத்திரத்துக்குச் சேர்வது 58. மின் அடுப்புத் தட்டில் நூற்றுக்கு 70 சேரும் என்று வைத்தால், ஒரு சிலிண்டர் செய்யும் சமையலை 82 யூனிட் கரண்ட் செய்துவிடும். எனவே சிலிண்டர் விலையை 82-ஆல் வகுங்கள். வரும் எண் உங்கள் யூனிட் விலையைவிடக் குறைவாக இருந்தால்தான் கேஸ் லாபம். இப்போதைய 3.85-க்கு வரம்பு 316 ராண்ட். சப்மீட்டர் விலை 3-க்கு இறங்கிவிட்டால் 246-க்கு மேல் கொடுத்து வாங்குவது நஷ்டம். வீட்டுக் கேஸின் உச்ச விலையை அரசு மாதாமாதம் முதல் புதன்கிழமை மாற்றுகிறது. கடற்கரை ஊர் என்பதால் டர்பனில் ஜோஹன்னஸ்பர்க்கைவிடக் குறைவு. கரண்ட் போகும் நாளுக்கென்று ஒரு சிலிண்டர் வைத்திருப்பது வேறு விஷயம், அதை நான் தடுக்க மாட்டேன். வாங்கும்போது சிலிண்டரின் கழுத்தில் பொறித்திருக்கும் வெற்று எடையைப் பார்த்து, கடைத் தராசில் நிறுத்து, வித்தியாசம் 9 கிலோ வருகிறதா என்று பாருங்கள். இணைப்பில் சோப்பு நுரை தடவி, குமிழி வராவிட்டால்தான் தீப்பெட்டியை எடுக்க வேண்டும். தனி வீட்டுக்குள் 19 கிலோ வரை வைக்கலாம், ஃபிளாட்டில் 9 கிலோ ஒன்றுதான்.

ஃபைபருக்கு 24 மாதம் கையெழுத்துப் போட அவசியமே இல்லை. ஓப்பன்செர்வ், வூமாடெல் போன்றவர்கள் தெருவில் கேபிள் போடுபவர்கள்; அதன் மேல் சேவை விற்பவர்கள் வேறு, ஒரே கேபிளுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். உங்கள் தெருவில் யார் கேபிள் என்று வலைத்தளத்தில் முகவரியைப் போட்டுப் பார்த்து, மாதத்துக்கு மாதம் கட்டும் திட்டமாக எடுங்கள். இலவச இணைப்பு என்று சொன்னால், எத்தனை மாதத்துக்குள் நிறுத்தினால் இணைப்புச் செலவைத் திருப்பிக் கேட்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். ஏற்கனவே நீண்ட ஒப்பந்தம் போட்டவர்களும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ம் பிரிவின்படி 20 வேலை நாள் நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம், நியாயமான அபராதம் ஒன்று கேட்பார்கள். முன்வீட்டில் ஏற்கனவே லைன் இருந்தால் ஒரு கேபிளை இழுத்து மாதச் செலவைப் பகிர்வது எல்லாவற்றையும்விட மலிவு. தனியாகப் போட்டால், சுவரில் மாட்டும் ஃபைபர் பெட்டி கேபிள் கம்பெனியின் சொத்து, அந்த முகவரிக்குப் பதிவானது. வீடு மாறும்போது ரவுட்டரை எடுத்துக்கொண்டு பெட்டியை அங்கேயே விட்டுவிடுங்கள்.